கோமுகம் காணச் செல்லும் அடியார்க்கு

விழுப்புரத்திற்கு அணித்தே, பம்பை ஆற்றின் கரையில் அமைந்த பாடல் பெற்ற திருத்தலம் திருவாமாத்தூர். அருள்மிகு அபிராமேசுவரரும் அன்னை முத்தாம்பிகையும் எதிரெதிராகத் தனித்தனித் திருக்கோயில்களில் எழுந்தருளி அருள்பாலிக்கும் பதி அது. பசுக்கள் இறைவனை வழிபட்டுக் கொம்பு பெற்ற இடம் என்று தலபுராணம் கூறும். ‘ஆ’ என்னும் ஓரெழுத்தொருமொழி பசுவைக் குறிக்கும் என்பதை இளமையில் படித்து மறந்தவரும், இவ்வூர்ப் பெயரை ஒருமுறை பிரித்துச் சொன்னால் அதனை நினைவு கூர்வர்.

இதே பசுவின் பெயர், இங்கிருந்து பல நூறு காதம் வடக்கே, இமயத்தின் மடியில் மற்றோர் இடத்திற்கும் வாய்த்திருக்கிறது. கங்கையின் மூலநீராகிய பாகீரதி, பனிப்பாளத்தின் அடியிலிருந்து குகைவாய் போன்ற ஒரு திறப்பின் வழியே வெளிப்படும் இடம் அது. கோமுகம் என்பர், ஆனின் முகம் என்பது பொருள். ஆமாத்தூரை வழிபட்டுப் பழகிய நம் பகுதி அன்பர்களுக்குக் கோமுகத்தையும் ஒருமுறை கண்டுவிட வேண்டும் என்னும் விழைவு எழுதல் இயல்பே. விழுப்புரம் வழியாகத் தில்லி செல்லும் திருக்குறள் விரைவு வண்டியிலோ, சென்னை சென்று வேறு வண்டியிலோ ஏறிப் பலரும் வடநாட்டு யாத்திரை மேற்கொள்கின்றனர். பலருக்கும் அதுவே முதல் மலைப்பயணம். செஞ்சி இராசகிரியின் படிகளை ஏறியதும், மயிலம் குன்றில் முருகப்பெருமானைத் தரிசித்ததும் தவிர வேறு மலை அறியாதவர் அவர்கள். அன்னோர் பனியாற்றின் வாயிலுக்குச் செல்லுமுன் அறிந்திருக்க வேண்டுவன சில உள. அவற்றை நம் சமய மரபோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனி என்னும் சொல்

தமிழில் பனி என்னும் சொல் பல பொருள் உடையது. மார்கழி, தை மாதங்களில் திண்டிவனத்து வயல்வரப்பின் புல்நுனியில் விடியற்காலை நிற்கும் நீர்த்துளியும் பனியே. இமயத்தின் முடியில் பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் வெண்பாளமும் பனியே. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரு பெரும்பொழுதுகளுக்குப் பெயரிட்ட நம் முன்னோர், இமயத்தையும் நன்கு அறிந்திருந்தனர். சங்கச் செய்யுட்கள் வட எல்லையாக அம்மலையைப் பன்முறை குறிப்பிடுகின்றன. ‘இமம்’ என்னும் வடசொல்லும் பனியையே குறிக்கும். அதனின்று பிறந்ததே இமயம் என்னும் பெயர்.

ஆயினும் ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால் ஓர் இடர் விளைகிறது. நம் ஊர்ப் பனியை அறிந்தவர் அந்தப் பனியையும் அறிந்ததாக எண்ணிவிடுகின்றனர். ஒரு சால்வையும் காதை மூடும் துண்டும் போதும் என்று புறப்படுகின்றனர். பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல் என்று ஒரு பொருள் உண்டு. கோமுக வழியில் உடல் பனிக்கத் தொடங்கிற்றெனில் அதனைச் சொல்லாராய்ச்சியாகக் கொள்ளாது எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும். உடலின் வெப்பம் குறைகிறது என்பதே அதன் பொருள். நனைந்த பருத்தி ஆடை வெப்பத்தை விரைந்து போக்கிவிடும். வேட்டியும் பருத்திச் சேலையும் கங்கோத்திரித் திருக்கோயிலில் அணியத் தக்கவை. அதற்கு மேல் உள்ள நடைவழிக்குக் கம்பளி உள்ளாடையும், காற்றும் மழையும் புகாத மேலாடையும், கணுக்காலைப் பற்றும் காலணியும் வேண்டும். வெறுங்காலுடன் நடப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் அவ்வேண்டுதலைப் பம்பைக் கரையிலேயே நிறைவேற்றிவிட்டுப் புறப்படுவது நல்லது.

பனியாறு என்பது யாது

உயர்ந்த சிகரங்களில் ஆண்டுதோறும் பெய்யும் வெண்பனி, கோடையில் முழுவதும் உருகாது எஞ்சுகிறது. அதன்மேல் மறு ஆண்டின் பனி படிகிறது. இவ்வாறு அடுக்கடுக்காகச் சேர்ந்து, மேலுள்ள சுமையால் கீழுள்ள பனி இறுகிக் கல்லைப் போன்ற கட்டியாகிறது. திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மரம் கல்லாக மாறியிருப்பதைக் கண்டவர்க்கு, நீர் கல்லாவது வியப்பளிக்காது. ஆனால் திருவக்கரைக் கல்மரம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. பனிக்கட்டியோ தன் எடை தாளாது சரிவின் வழியே மெல்ல மெல்ல நகர்கிறது. கண்ணுக்குப் புலனாகாத நடை அது. நகர்வதனால்தான் அதற்குப் பனியாறு என்று பெயர்.

கங்கோத்திரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரத்தின் சரிவுகளில் தோன்றி, வடமேற்காக இறங்கி, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் கோமுகத்தில் முடிகிறது. அதன் வாயிலில் உருகிய நீர் பாகீரதியாகப் புறப்படுகிறது. தேவப்பிரயாகையில் அலகநந்தையோடு கூடிய பின்னரே அதற்குக் கங்கை என்னும் பெயர் உரித்தாகிறது. அத்தேவப்பிரயாகை பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் என்பதை வைணவ அன்பர்கள் அறிவர்.

முதன்முறை காண்போர் பலர் கோமுகத்தின் முன் நின்று சற்றே ஏமாற்றம் அடைகின்றனர். படத்தில் கண்ட வெண்மை அங்கே இல்லை. பனியாறு நகரும்போது மலையை அரைத்து, மண்ணையும் கல்லையும் சுமந்து வருகிறது. ஆதலின் அதன் முகம் சாம்பல் நிறமாய், புழுதியும் பாறையும் மூடியதாய்த் தோன்றும். பிளவுகளுக்குள் மட்டும் நீலமும் வெண்மையும் ஒளிரும். இதனை அழுக்கென்று எண்ணுதல் பேதைமை. திருநீறு பூசிய மேனியை அழுக்கென்பார் உளரோ? ஆற்றுநீரும் அரைபட்ட பாறைத் துகள் கலந்து கலங்கியே வரும். அத்துகளில் ஒரு பகுதியே சமவெளியை அடைந்து வண்டலாகி வயலை வளமாக்குகிறது.

கங்கை வந்த வழி

சகர மன்னனின் மைந்தர் அறுபதினாயிரவர் கபில முனிவரின் வெகுளியால் சாம்பராயினர். அவர்தம் நற்கதிக்காகப் பகீரதன் தவம் செய்து வானத்துக் கங்கையை மண்ணிற்கு வேண்டினான். உலகளந்த பெருமானின் திருவடி விளக்கிய நீரே கங்கை என்பது புராணம். அத்திருவடியைத் திருக்கோவலூரில் நம் பகுதியினர் வழிவழியாகத் தரிசித்து வருகின்றனர். அந்நீரின் விசையை நிலம் தாங்காது என்றறிந்த சிவபெருமான், அதனைத் தம் சடையில் ஏற்று அடக்கி, சிறிது சிறிதாக விடுத்தருளினார்.

செஞ்சிச் சாலையில் விழுப்புரத்திற்கு வடமேற்கே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி மும்மூர்த்திகளுக்கு அக்குடைவரையை அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே கல்லில் பொறித்துள்ளான். அம்மன்னனே திருச்சிராப்பள்ளி மலையில் குடைவித்த மேற்குடைவரையில், கங்கையைச் சடையில் ஏற்கும் கங்காதரர் திருவுருவம் உள்ளது. பொங்கி வரும் நீரை ஒரு சடைக்கற்றையின் நுனியால் ஏற்று நிற்கும் அவ்வடிவத்தை நன்கு நோக்கியவர்க்கு, பனியாற்றின் செயல் எளிதில் விளங்கும். பெய்த நீர் முழுவதும் அன்றே பாய்ந்தோடினால் மழைக்காலத்தில் பெருவெள்ளமும் கோடையில் வறட்சியுமே மிஞ்சும். பெய்ததைப் பனியாக அடக்கி வைத்து, வெயில் முதிருங்கால் அளவோடு விடுப்பதாலன்றோ வைகாசியிலும் அவ்வாற்றில் நீர் குறைவதில்லை!

மெல்ல ஏறுக

விழுப்புரமும் திண்டிவனமும் கடல்மட்டத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்கள். கோமுகம் 4,000 மீட்டர். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவிற்குக் குறைகிறது. உடல் இக்குறைவிற்குப் பழகிக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஆனால் அதற்குச் சில நாள்கள் வேண்டும். அந்நாள்களைக் கொடாது விரைந்து ஏறுவோர்க்கு உயர்மலை நோய் வருகிறது. தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, மயக்கம், உறக்கமின்மை ஆகியன இதன் தொடக்கக் குறிகள். இளைஞர், முதியவர், வலியவர், மெலியவர் என்ற வேறுபாடு இதற்கில்லை. நாள்தோறும் பத்துக் காணி உழுதவருக்கும் வரலாம்.

3,000 மீட்டருக்கு மேல், முன்னிரவு உறங்கிய இடத்தைவிட மறுநாள் உறங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயராதிருத்தல் வேண்டும் என்பது மலை மருத்துவர் வகுத்த நெறி. இதன்படி ரிஷிகேசத்திலிருந்து புறப்படுவோர், ஏறத்தாழ 1,150 மீட்டர் உயரமுள்ள உத்தரகாசியில் தங்கி, அங்குள்ள விசுவநாதரை வழிபட்டு, மறுநாள் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள ஹர்சில் என்னும் ஊரில் தங்கலாம். அதன்பின் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள கங்கோத்திரியில் இரண்டு இரவுகளேனும் தங்குதல் வேண்டும். அங்கிருந்து கோமுகம் 18 கிலோமீட்டர் நடைவழி. 9 கிலோமீட்டரில் சீர்பாசா; 14 கிலோமீட்டரில் போஜ்பாசா. போஜ்பாசா ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரமுடையது. அங்கு எளிய தங்குமிடங்கள் உண்டு. கங்கோத்திரியிலிருந்து அதற்கு ஒரே நாளில் 700 மீட்டர் ஏறவேண்டியிருப்பதனாலேயே கங்கோத்திரியில் கூடுதலாக ஓரிரவு தங்குதல் இன்றியமையாதது. நாள் குறைவு என்று கூறி இவ்விரவைக் குறைக்க முற்படும் சுற்றுலாக் குழுவினரிடம் அன்பர்கள் உடன்படலாகாது. செலவில் ஒரு நாள் மிகுவது பெரிதன்று.

இவ்விரு இடப்பெயர்களும் மரத்தால் வந்தவை. சீர் என்பது ஊசியிலை மரம். போஜ் என்பது பூர்ஜ மரம். பூர்ஜ மரத்தின் பட்டையில்தான் வடநாட்டார் பண்டு ஏடு எழுதினர். நம் பனையோலைக்கு அதுவே அங்கு நிகர். புளியங்காட்டால் பெயர் பெற்றுத் திந்திரிணீசுவரர் எழுந்தருளிய திண்டிவனத்தார்க்கு இது புதுமையன்று. இன்று போஜ்பாசாவில் அம்மரங்கள் மிகக் குறைந்துவிட்டன. எஞ்சிய மரங்களின் பட்டையை நினைவுப்பொருளாக உரித்தெடுத்தல் பாவம். அது தேசியப் பூங்காவின் எல்லைக்குட்பட்ட இடமாதலின் குற்றமும் ஆகும். கங்கோத்திரித் தேசியப் பூங்காவிற்குள் செல்ல வனத்துறையின் அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். நாளொன்றுக்கு 150 பேர் என்று வரையறுத்துள்ளமையால், முன்கூட்டியே பெறுதல் நன்று.

வைகாசி, ஆனியின் முற்பகுதியும், புரட்டாசியும் ஏற்ற காலம். ஆடி, ஆவணி மாதங்களில் மழையால் மலைச்சரிவுகள் பெயரும். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள், கங்கோத்திரி செல்லும் பெருவழியில் உள்ள தராலி என்னும் ஊரைக் கீர்கங்கை ஓடையில் வந்த சேற்றுவெள்ளம் நொடிப்பொழுதில் மூடியது. ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதாரத்தில், 2013-ஆம் ஆண்டு ஜூன் 16, 17 ஆகிய நாள்களில், சோராபாரிப் பனியாற்றின் அருகிலிருந்த ஏரி உடைந்து வந்த வெள்ளத்தை நாடு மறவாது. சாலை மூடப்பட்டது என்று காவலர் கூறின் அங்கேயே தங்குக. நடைவழியிலும் காலை வேளையே தகும். நண்பகலுக்குப் பின் பனி உருகுவதால் ஓடைகள் பெருகும். சீர்பாசாவுக்கும் போஜ்பாசாவுக்கும் இடையே தளர்ந்த சரிவுகளிலிருந்து கற்கள் உருண்டு விழும்.

அப்பர் பெருமானின் கயிலைப் பயணம்

இனி இக்கட்டுரையின் உயிர்ப்பகுதிக்கு வருவோம். பனிமலைக்கு நடந்து சென்ற தமிழர் வரலாற்றில் முதலில் நினைக்கத் தக்கவர் திருநாவுக்கரசர். அவர் தோன்றிய திருவாமூர், பண்ணுருட்டிக்கு அருகில் உள்ளது. அவர் திருவாமாத்தூரையும் பாடியுள்ளார்.

சேக்கிழார் பெருமான் கூறுமாறு, காளத்தியை வணங்கிய நாவுக்கரசர்க்குக் கயிலைக் காட்சி காணும் வேட்கை எழுந்தது. திருப்பருப்பதம் கடந்து, பல நாடுகளைக் கடந்து, வாரணாசியை அடைந்தார். அங்கே உடன் வந்தவர்களை விடுத்துத் தனியே வடக்கு நோக்கி நடந்தார். உணவையும் ஒழித்தார், இரவிலும் நடந்தார். அடிகள் தேய்ந்தன. கைகளால் தாவிச் சென்றார், கைகளும் தேய்ந்தன. மார்பினால் உந்தினார், அதுவும் நைந்தது. புரண்டு புரண்டு சென்று, முடிவில் அசைவற்றுக் கிடந்தார். அப்போது இறைவன் ஒரு முனிவராக வந்து, மானுடர்க்குக் கயிலை எய்துதல் அரிது, மீளுதலே கடன் என்றருளினார். ஆளுடைய நாயகன் இருக்கையைக் காணாது இவ்வுடலோடு மீளேன் என்றார் அரசர். முனிவர் மறைந்தார். நாவுக்கரசனே எழுக என்று வானில் ஓர் ஒலி எழுந்தது. தேய்ந்த உறுப்புகள் நலம் பெற்றன. ஆங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் நாம் கயிலையில் இருக்கும் காட்சியைக் காண்க என்று இறைவன் பணித்தருளினார். மூழ்கியவர் காவிரிக்கரைத் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். எதிர்ப்பட்ட விலங்கும் பறவையும் துணையோடு வருவதைக் கண்டு, அவற்றையெல்லாம் அம்மையப்பராகவே கண்டார்.

இவ்வரலாற்றை மேற்கோள் காட்டி, உயிர் போயினும் ஏறியே தீருவேன் என்று உறுதி கொள்வோர் உளர். அவர்கள் மூன்றினை நோக்க வேண்டும். நாவுக்கரசர் வாரணாசியில் உடன் வந்தோரை நிறுத்திவிட்டே சென்றார். தம் உறுதிக்கு மற்றவரை இரையாக்கவில்லை. அவர் உழவாரமே உடைமையாகக் கொண்ட துறவி. வீட்டில் காத்திருக்கும் மனைவி மக்கள் அவர்க்கில்லை. அன்றியும், அவ்வளவு உறுதி கொண்டவரையும் இறைவன் மலைமேல் ஏற்றவில்லை. கீழே, அவருடைய சொந்தத் தமிழ்நாட்டில், ஆற்றங்கரையில் ஒரு கோயிலில் கயிலையைக் காட்டினான். ஏற்றம் தடைப்பட்டது, காட்சி தடைப்படவில்லை.

கயிலை சேர்ந்த பிறரும் ஒரே வழியில் சென்றாரல்லர். காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார். திருநாவலூரில் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் தடுத்தாட்கொள்ளப்பட்ட சுந்தரர் வெள்ளை யானைமீது சென்றார். அவருடன் செல்ல விழைந்த ஔவையார், திருக்கோவலூரில் விநாயகர் பூசையை விரைந்து முடிக்க முயன்றபோது, விரையற்க என்று தடுத்த மூத்தபிள்ளையார், பூசை நிறைவுற்றபின் தம் துதிக்கையால் தூக்கி அவர்களுக்கு முன்னரே கயிலையில் சேர்த்தார் என்பது செவிவழி வரலாறு. மூவருள் நம் அன்பர்கள் பின்பற்றத் தக்கவர் ஔவையாரே என்று துணிந்து கூறலாம்.

திண்டிவனத்திலிருந்து ஒரு முதியவரும் அவர் மனைவியும் செல்வதாக வைத்துக்கொள்வோம். போஜ்பாசாவில் இரவு தலை வலிக்கிறது, உணவு செல்லவில்லை. கூறினால் குழுவினர் விட்டுச் செல்வர், இத்தனை பொருள் செலவிட்டு வந்தது வீணாகும், ஊரார் கேட்பர் என்று அவர் மறைக்கிறார். இம்மறைத்தலே ஆபத்து. தலைவலி இருக்கையில் மேலே ஏறலாகாது. ஓய்வெடுத்தும் தணியாவிடின் கீழே இறங்க வேண்டும். இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குதல், ஓயாத இருமல், நேர்கோட்டில் நடக்க இயலாது தள்ளாடுதல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், இரவென்றும் பாராது, துணையோடு அப்போதே இறக்குதல் வேண்டும். சில நூறு மீட்டர் இறங்கினாலே உயிர் பிழைக்கும். விடியட்டும் என்று காத்திருந்தால் பிழையாமலும் போகலாம். இறங்குதலே முதல் மருந்து. குழப்பம் அடைந்தவர், தமக்கு ஒன்றுமில்லை என்றே கூறுவார். அவர் சொல்லைக் கேட்கலாகாது. உடன் செல்லும் மனைவியோ மகனோ நண்பரோ இக்குறிகளைப் புறப்படுமுன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

இதய நோய், ஈளை நோய், குருதி அழுத்தம், நீரிழிவு உடையோர் தம் மருத்துவரிடம் கோமுகத்தின் உயரத்தைக் கூறி, அவர் இசைந்தாலன்றிச் செல்லலாகாது. உயர்மலை நோய்க்கு முன்கூட்டி உண்ணும் மாத்திரையும் மருத்துவர் கூறியபடியே உண்ணத் தக்கது. இன்சுலின் போட்டுக்கொள்வோர் அம்மருந்து உறைந்துவிடாதபடி உடலோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நடக்கும் நாளில் உண்ணா நோன்பு வேண்டா. தாகம் தோன்றாவிடினும் நீர் பருகுதல் வேண்டும்.

நீராடல்

கோமுகத்தை அடைந்தோர் பலர் அங்கே மூழ்கி நீராட விரும்புவர். அந்நீர் சற்றுமுன் வரை பனியாக இருந்தது. திடீரென மூழ்கின் மூச்சு அடைத்து இதயம் தடுமாறும். மேலும் பனியாற்றின் முகத்திலிருந்து வீட்டளவு பெரிய கட்டிகள் முன்னறிவிப்பின்றிப் பெயர்ந்து விழும். குகைவாயின் அருகே செல்லுதலும், அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளுதலும் கூடா. சற்றுத் தொலைவில், கரையில் நின்று வணங்குதலே முறை.

நீராடாது வணங்கினால் பயன் குறையுமோ என்று ஐயுறுவோர்க்கு நூல்களே விடை கூறுகின்றன. நீராடலை ஏழு வகையாகப் பிரித்துள்ளனர். நீரில் மூழ்குதல் வாருணம். அது ஒன்று மட்டுமே. திருநீறு பூசுதல் ஆக்னேயம். பசுக்களின் குளம்படித் தூளி மேலே படுதல் வாயவ்யம். மந்திரம் கூறி நீர் தெளித்துக்கொள்ளுதல் மாந்திரம். மனத்தால் இறைவனை நினைத்தல் மானசம். நோயுற்றோரும் மெலிந்தோரும் இவற்றுள் இயன்றதைக் கொள்ளலாம். பசுவின் முகம் என்னும் பெயருடைய இடத்தில், நெற்றி நிறைய நீறணிந்து, மூன்று துளி நீரைத் தலையில் தெளித்துக்கொண்டவர் நீராடியவரே.

கோமுகத்திற்கு அப்பால் தபோவனம் என்னும் புல்வெளி உண்டு. 6,543 மீட்டர் உயரமுள்ள சிவலிங்கச் சிகரம் அங்கே நெருங்கித் தோன்றும். அதற்குப் பனியாற்றின் மேலேயே நடந்து கடத்தல் வேண்டும். கற்குவியல் மூடியிருப்பதால் அடியில் உள்ள பிளவுகள் புலப்படா. முதன்முறை செல்வோர்க்கு அது வழியன்று.

பின்வாங்கும் முகம்

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆடன் என்பார் 1935-ஆம் ஆண்டில் கோமுகத்தின் இருப்பிடத்தை அளந்து குறித்தார். அதன்பின் நடந்த அளவீடுகளை ஒப்புநோக்குங்கால், பனியாற்றின் முகம் ஒரு கிலோமீட்டருக்கும் மேலாகப் பின்வாங்கியுள்ளது. பெய்வதினும் உருகுவது மிகுதியாகிவிட்டதே காரணம். தாத்தா கண்ட கோமுகமும் பேரன் காணும் கோமுகமும் ஒரே இடத்தில் இல்லை. உலகம் முழுவதும் வெப்பம் ஏறி வருவதன் விளைவு இது. யாத்திரிகர் விட்டுச் செல்லும் நெகிழிப் புட்டியும், பழந்துணியும் இதற்குப் பெருங்காரணம் அல்ல என்றாலும், கங்கையின் பிறப்பிடத்தில் அவற்றை எறிதல் எவ்வகையில் பொறுக்கத் தக்கது? கொண்டு சென்ற நெகிழிப் பையைக் கொண்டு வருக. பழைய ஆடையை ஆற்றில் விடும் வழக்கத்தை அங்கே கைவிடுக.

கங்கோத்திரியே தலம்

ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். கங்கை அன்னையின் திருக்கோயில் இருப்பது கங்கோத்திரியில். கூர்க்கர் படைத்தலைவர் அமர்சிங் தாபா எடுப்பித்த வெண்ணிறக் கோயில் அது. பகீரதன் தவம் செய்ததாகக் கூறப்படும் பாறையும் அங்கேயே உள்ளது. சங்கற்பமும் முன்னோர்க்குரிய கடன்களும் அங்கு நிறைவுறும். அதற்கு மேல் நடத்தல் விருப்பத்தின்பாற்பட்டது, கடனன்று. கங்கோத்திரி வரை பேருந்து செல்கிறது. இராமேசுவரத்து அபிடேகத்திற்கென்று செம்பில் அடைத்து எடுத்துச் செல்லும் நீரும் கங்கோத்திரியிலேயே முகக்கப்படுகிறது. கணவன் கோமுகம் சென்று திரும்பும் வரை கங்கோத்திரியில் அமர்ந்து பதிகம் ஓதும் மனைவியும், போஜ்பாசாவில் தலை வலித்துத் திரும்பிய கணவனும், ஒரே யாத்திரையை முடித்தவர்களே.

ஐப்பசித் தீபாவளிக்கு மறுநாள் அக்கோயில் நடை சாத்தப்படும். அன்னையின் உற்சவத் திருமேனியைப் பல்லக்கில் வைத்து, மேளம் முழங்க, கீழே முக்பா என்னும் சிற்றூருக்கு எடுத்து வருவர். கங்கோத்திரியின் பரம்பரை அர்ச்சகர்களின் ஊர் அது. பனி மூடிய மாதங்கள் முழுவதும் கங்கை அன்னைக்கு அங்கேயே பூசை நடைபெறும். உயரம் தாங்கொணாத காலத்தில் அன்னையே மலையிலிருந்து இறங்கி வருகிறாள். அட்சய திருதியையன்று பல்லக்கு மீண்டும் மேலே ஏறும். நான்கு தலங்களுக்கான முன்பதிவு அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். எனவே செல்ல விரும்பும் அன்பர்கள் மாசித் திங்களிலேயே மருத்துவரைக் கண்டு, பங்குனி முழுவதும் நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் நடந்து பழகுவாராக.